‘சிமர்’ என்னும் ஆங்கிலச் சமையல் வினைச்சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து பாசிக்குடா, அறுகம்பை போன்ற கடற்கரைகளின் விடுதிச் சமையலறைகளுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களுக்குத் தொழில்சார் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். சமையற்குறிப்புகளில் வரும் வினைச்சொற்களில் அவர்கள் மிக அதிகமாகத் தடுமாறுவது ‘சிமர்’ என்ற சொல்லில்தான். கடினமான சொல் என்பதால் அல்ல. எளிதான சொல் என்று எண்ணி அதைக் கடந்து போய்விடுவதால்தான் இந்தத் தடுமாற்றம். வகுப்பிலும் வெளியிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

‘சிமர்’ என்றால் என்ன?

தண்ணீர், பால், குழம்பு, சோஸ் போன்ற ஒரு திரவத்தை, அது முழுதாகக் கொதித்துப் புரளும் நிலைக்குச் சற்றுக் கீழே, சிறு சிறு குமிழிகள் மட்டும் மேலெழும் அளவில் தொடர்ந்து வைத்திருப்பதே ‘சிமர்’ செய்தல் ஆகும். அந்தத் திரவத்துக்குள் கிடக்கும் இறைச்சியோ மரக்கறியோ அந்த வெப்பத்தில் வேகிறது. வெப்பநிலையாகச் சொல்வதானால், பெரும்பாலான சமையற்கலை நூல்கள் இதை ஏறக்குறைய 85 பாகை செல்சியஸிலிருந்து 96 பாகை செல்சியஸ் வரையான எல்லைக்குள் வைக்கின்றன. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது என்பதை நினைவிற் கொண்டால், இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில் உள்ள தூரம் எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

முதலிலேயே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சொல் நெருப்பைப் பற்றியது அல்ல, சட்டிக்குள் இருக்கும் திரவத்தைப் பற்றியது. அடுப்பைக் குறைத்துவிட்டோம் என்பதற்காகக் குழம்பு ‘சிமர்’ ஆகிவிடாது. குழம்பின் மேற்பரப்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

அகராதியில் ‘மெல்லக் கொதிக்க வை’ என்று இருக்கிறதே, அது போதாதா?

பொருள் தெரிந்தவருக்கு அது போதும். தெரியாதவரை அது வழிதவறச் செய்கிறது. தமிழில் ‘மெல்ல’ என்பதற்கு ‘மென்மையாக’ என்றும் பொருள் உண்டு, ‘வேகமின்றி, நேரமெடுத்து’ என்றும் பொருள் உண்டு. ‘மெல்லக் கொதிக்க வை’ என்று படிக்கும் மாணவர், கொதிநிலையை மெதுவாக அடையச் செய்ய வேண்டும் என்று விளங்கிக்கொள்கிறார். என்னிடம் படித்த ஒருவர், தக்காளிச் சோஸை 20 நிமிடம் ‘சிமர்’ செய்யும்படி சொல்லப்பட்டபோது, குளிர்ந்த சட்டியை மிகச் சிறிய நெருப்பில் ஏற்றி, அந்த நொடியிலிருந்து 20 நிமிடத்தை எண்ணி இறக்கிவிட்டார். சோஸ் வெதுவெதுப்பாக இருந்ததே தவிர, தக்காளியின் பச்சை வாசனை போகவில்லை. தவறு அவருடையது அல்ல, அவருக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பினுடையது.

என் வகுப்பில் ‘மென்கொதி’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன். ‘மென்கொதியில் 20 நிமிடம் விடவும்’ என்றால், கொதியின் தன்மைதான் மென்மையானது, அதை அடையும் வேகம் அல்ல என்பது தெளிவாகிறது. இதைவிட நல்ல சொல் யாருக்கேனும் தோன்றினால் அதையே எடுத்துக்கொள்ளலாம்; சொல் எதுவாயினும், அது திரவத்தின் நிலையைக் குறிக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன்.

நம் வீட்டுச் சமையலில் இதற்கு ஈடான சொல் ஏற்கெனவே இல்லையா?

செயல் இருக்கிறது, அதற்கெனத் தனி வினைச்சொல் ஒன்று நிலைபெறவில்லை. இது ஆராய்வதற்குரிய விடயம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நாம் ‘காய்ச்சுகிறோம்’: கஞ்சி, பால், சொதி, கசாயம். ‘அவிக்கிறோம்’: முட்டை, கிழங்கு, பிட்டு, இடியப்பம். ‘ஆக்குகிறோம்’: சோறு, கறி. இவற்றுள் ‘அவித்தல்’ என்பது தண்ணீருக்குள் போட்டு வேக வைப்பதையும் நீராவியில் வேக வைப்பதையும் ஒருங்கே குறிக்கிறது. ஆங்கிலத்தில் இவை இரண்டும் வெவ்வேறு வினைகள். ‘காய்ச்சுதல்’ என்பதோ, எந்த அளவு கொதிக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல், காய்ச்சப்படும் பொருளின் பெயரைக்கொண்டே அந்த அளவை நமக்கு உணர்த்திவிடுகிறது. பால் காய்ச்சு என்றால் பொங்கி வரும்வரை. கசாயம் காய்ச்சு என்றால் எட்டில் ஒன்றாக வற்றும்வரை. சொதி காய்ச்சு என்றால் கொதித்துப் புரளாமல். சொல்லுபவருக்கும் கேட்பவருக்கும் அந்தச் சமையல் முன்பே தெரியும் என்ற நம்பிக்கையில்தான் இந்தச் சொற்கள் இயங்குகின்றன.

அளவைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற இடத்தில் நம் மொழி நெருப்பைப் பேசுகிறது. ‘மெல்லிய நெருப்பில் விடு’, ‘கொள்ளியை இழுத்துவிட்டுத் தணலில் வை’ என்கிறோம். இல்லாவிட்டால் விளைவைப் பேசுகிறது: ‘வற்ற விடு’, ‘சுண்டக் காய்ச்சு’, ‘எண்ணெய் மிதக்கும்வரை வை’. மூன்றாவதாக, தமிழுக்கே உரிய ஓர் எண்ணும் முறையும் இருக்கிறது: ‘ஒரு கொதி வந்ததும் இறக்கு’, ‘இரண்டு கொதி கொதிக்கட்டும்’. கொதியை எண்ணக்கூடிய ஒன்றாகப் பார்க்கும் இந்த வழக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் நெருப்புக்கும் விளைவுக்கும் இடையில் நின்று, திரவம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரே வினையாற் சொல்லும் வழக்கம் நம்மிடம் வளரவில்லை. ஆங்கிலச் சொல் அந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

இங்குள்ள முஸ்லிம் வீடுகளில் ‘ஆணம்’ என்று வழங்கும் குழம்பு வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலில் ஆக்கும் பாலாணத்துக்கும் புளி கரைத்து ஆக்கும் புளியாணத்துக்கும் கொதிக்க விடும் முறை ஒன்றல்ல. முன்னதைத் திரையாமல் காக்கும் அந்த இளங்கொதிதான் ‘சிமர்’. ஒரு சொல்லாகப் பெயரிடாமலேயே நம் தாய்மார் அதைக் காலமெல்லாம் செய்து வந்திருக்கிறார்கள்.

வெப்பமானி இல்லாமல் ‘சிமர்’ நிலையை எவ்வாறு அறிவது?

கண்ணாலும் காதாலும் அறியலாம். சட்டியில் தண்ணீரை வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். முதலில் அடியிலும் ஓரங்களிலும் ஊசிமுனை அளவு குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். இவை தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவதன் அடையாளம். இது இன்னும் ‘சிமர்’ அல்ல. பலர் இந்த இடத்திலேயே ஏமாந்துவிடுகிறார்கள். அதன்பின் அடியில் உண்டாகும் நீராவிக் குமிழிகள் மேலே வரும் வழியிலேயே குளிர்ந்த நீரில் உடைந்து மறையும். சட்டி ஓர் இரைச்சலைக் கொடுப்பது அப்போதுதான். பிறகு, ஓரத்தில் ஓரிரு இடங்களிலிருந்து முத்துக் கோர்த்தாற்போல் குமிழிகள் தொடர்ச்சியாக மேற்பரப்பு வரை வந்து உடையத் தொடங்கும். மேற்பரப்பு நடுங்கும், ஆனால் புரளாது. இதுதான் ‘சிமர்’. இதையும் தாண்டி, சட்டி முழுவதும் தளதளவென்று பெரிய குமிழிகள் எழுந்து, அகப்பையால் கலக்கினாலும் அடங்காமல் கொதித்தால், அது முழுக்கொதி.

பருப்பு, சோஸ் போன்ற தடித்த கலவைகளில் இந்த அடையாளங்கள் மாறும். குமிழி எளிதில் மேலே வர இயலாது. ஓரிடத்தில் மேற்பரப்பு மெல்ல உப்பி, ஒரு துளையிட்டு அடங்கும். இரண்டு மூன்று நொடிகளுக்கு ஒருமுறை இவ்வாறு நடந்தால் ‘சிமர்’ என்று கொள்ளலாம். கலவை கையில் தெறித்தால் நெருப்பு கூடிவிட்டது. தடித்த கலவையில் அடிப்பகுதியின் வெப்பம் மேலே பரவச் சுணங்கும் என்பதால், மேலே அமைதியாகத் தோன்றும்போதே அடி பிடித்துவிடக்கூடும். இடையிடையே அடியிலிருந்து கிளறிவிட வேண்டும்.

முழுக்கொதியில் விட்டால் விரைவாக வெந்துவிடாதா? ஏன் ‘சிமர்’ செய்ய வேண்டும்?

கொதிநிலையை அடைந்த தண்ணீர், நெருப்பை எவ்வளவு கூட்டினாலும் மேலும் சூடாவதில்லை. கூட்டிய நெருப்பு முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகை வரை சூடாக்கத் தேவையான வெப்பத்தைவிட, அதே தண்ணீரை முழுதாக ஆவியாக்குவதற்கு ஏழு மடங்குக்கும் மேலான வெப்பம் வேண்டும். ஆகவே சட்டி தளதளவென்று கொதிக்கும்போது நாம் எரிப்பது பெரும்பாலும் கூரைக்குப் போகும் நீராவிக்காகத்தான். 2022 ஆம் ஆண்டில் சமையல் எரிவாயு கிடைக்காமல் நாம் பட்ட பாட்டை மறக்காதவர்கள் இந்தக் கணக்கை உடனே விளங்கிக்கொள்வார்கள்.

எரிபொருளை விட்டுவிட்டாலும், உணவுக்கு மென்கொதி செய்யும் நன்மை பெரியது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி ஆகியவற்றின் கடினமான துண்டுகளில் கொலாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதம் மிகுதியாக இருக்கிறது. 70 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஈரத்துடன், நீண்ட நேரம் கிடந்தால் அது ஜெலற்றினாக மாறி இறைச்சி மெதுமையடைகிறது. குழம்புக்கும் ஒரு வழுவழுப்புக் கிடைக்கிறது. இந்த மாற்றத்துக்கு வேண்டியது நேரம். கடுங்கொதியில் போட்டால், தசைநார்கள் இறுகித் தம்மிடமுள்ள சாற்றைப் பிழிந்து வெளியேற்றிவிடும். துண்டு வெந்திருக்கும், ஆனால் வாயில் சக்கையாக இருக்கும்.

மீனுக்குக் காரணம் வேறு. மீனின் இணைப்புத் திசு மிக மென்மையானது, குறைந்த வெப்பத்திலேயே கரைந்துவிடுவது. ஆகையால் வாவி மீனோ கடல் மீனோ, புரளும் கொதியில் அகப்பட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்து, கறியில் முள்ளும் தூளுமாகிவிடும். மீனுக்கு ‘சிமர்’ என்பது சில நிமிட வேலை. மீன் போட்டபின் அகப்பை போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றும் நம் வழக்கம் இதே காரணத்தால் வந்தது.

விடுதிகளில் எலும்பு போட்டு ‘ஸ்டொக்’ எனப்படும் சாறு எடுப்பவர்களுக்கு மூன்றாவது காரணமும் உண்டு. கடுமையாகக் கொதித்தால் கொழுப்பும் நுரையும் சிறு சிறு துளிகளாக உடைந்து சாற்றுக்குள்ளேயே கலந்து அதைக் கலங்கலாக்கிவிடும். மென்கொதியில் அவை மேலே மிதந்து வரும். அகப்பையால் அள்ளி எடுத்துவிடலாம்.

தேங்காய்ப்பால் திரைவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு உண்டு. தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் மிதக்கும் ஒரு கலவை. அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் காப்பவை அதிலுள்ள புரதங்கள். ஏறக்குறைய 80 பாகையளவில் அந்தப் புரதங்கள் உறையத் தொடங்குகின்றன. அத்துடன் கொதியும் கடுமையாக இருந்தால், எண்ணெய் பிரிந்து, வெள்ளைத் திரளைகளும் நீருமாகப் பால் திரைந்துவிடுகிறது. எனவேதான் முதலில் இரண்டாம் பாலில் மரக்கறியையோ மீனையோ வேகவிட்டு, கடைசியில் முதற்பாலைச் சேர்த்து, கலக்கிக்கொண்டே, கொதி அரும்பும்போது இறக்குகிறோம். கலக்குவதும் சும்மா அல்ல. ஓரிடத்தில் மட்டும் வெப்பம் ஏறிவிடாமல் அது தடுக்கிறது.

புளிப்பும் திரைவதைத் தூண்டும். சொதியை இறக்கி, சற்று ஆறியபின் தேசிக்காய் பிழியும் வழக்கம் இதனால்தான். களுவாஞ்சிக்குடியில் இருந்த என் பெரியம்மா, சொதி அடுப்பில் இருக்கும்போது தேசிக்காயைக் கையிலும் தொடவிட மாட்டார். ‘சிமர்’ என்ற சொல்லை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்தச் சொல்லின் பொருளை அவரைவிட நன்றாக அறிந்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆங்கிலக் குறிப்புகளில் ‘டூ நொட் பொயில்’, அதாவது கொதிக்க விட வேண்டாம் என்ற எச்சரிக்கை பெரும்பாலும் தேங்காய்ப்பால், ஆடைப்பால், முட்டை சேர்த்த சோஸ் ஆகியவற்றின் அருகில்தான் வரும். அந்த வரி வந்தால், ‘சிமர்’ எல்லையின் கீழ்ப்பகுதியிலோ அதற்கும் சற்றுக் கீழேயோ நிற்க வேண்டும் என்று கொள்க.

தயிருக்குப் பால் காய்ச்சுவதை ‘சிமர்’ என்று சொல்லலாமா?

பெரும்பாலும் சொல்லலாம். எருமைத் தயிருக்குப் பெயர்போன மாவட்டம் நம்முடையது என்பதால் இந்தக் கேள்வி வகுப்பில் தவறாமல் எழுகிறது. பாலை 85 முதல் 90 பாகை வரை சூடாக்கிச் சற்று நேரம் அந்த நிலையில் வைத்திருந்தால், பாலிலுள்ள மோர்ப்புரதங்கள் உருமாறித் தயிர் இறுக்கமாக உறையத் துணைசெய்கின்றன. பின்னர் 40 முதல் 45 பாகை வரை, அதாவது விரல் வைத்தாற் பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு உறை ஊற்றுகிறோம். பாலைக் கொதிக்கும் தறுவாய்க்குக் கொண்டுவந்து உடனே இறக்கிவிடுவதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்கோல்ட்’ என்று வேறொரு வினை இருக்கிறது. அந்தச் சூட்டிலேயே நிறுத்திவைத்தால் ‘சிமர்’.

முழுக்கொதியே கட்டாயமான உணவுகள் எவை?

இதைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் கேட்கப்பட வேண்டிய முக்கியமான கேள்வி இது. ராஜ்மா எனப்படும் சிவப்புப் போஞ்சி விதையில், வயிற்றுப்போக்கையும் கடும் வாந்தியையும் உண்டாக்கும் லெக்ரின் வகை நச்சுப்புரதம் இருக்கிறது. விதையைக் குறைந்தது ஐந்து மணித்தியாலம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் கடுமையாகக் கொதிக்கவிட்ட பின்னரே மென்கொதிக்கு மாற்ற வேண்டும். குறைந்தது 10 நிமிடம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 30 நிமிடம் என்கிறது. நான் 30 நிமிடத்தையே கற்பிக்கிறேன். கொதிக்காத இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்தால் அந்த நச்சு அழியாது. மின்சாரத்தில் இயங்கும் மெதுசமையல் பாத்திரங்களில் இந்த விதையை நேராகப் போடக் கூடாது.

மரவள்ளிக்கிழங்கையும் நாம் மூடாமல் நன்றாகக் கொதிக்கவைத்துத் தண்ணீரை வடித்துவிடுகிறோம்; அதையும் ‘சிமர்’ ஆக்கிவிட வேண்டாம்.

தமிழ்நாட்டுச் சமையல் காணொளிகளில் ‘சிம்மில் வை’ என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

‘சிம்’ என்பது ‘சிமர்’ என்பதன் சுருக்கமே. எரிவாயு அடுப்பின் திருகில் மிகக் குறைந்த சுடரைக் குறிக்க அந்த மூன்று ஆங்கில எழுத்துகளைப் பொறிக்கும் வழக்கத்திலிருந்து அது பேச்சுக்கு வந்துவிட்டது. கைப்பேசியில் இடும் ‘சிம்’ அட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆனால் பொருளில் ஒரு நகர்வு நடந்திருக்கிறது. திரவத்தின் நிலையைச் சொன்ன வினைச்சொல், தமிழுக்குள் வந்ததும் நெருப்பின் அளவைச் சொல்லும் பெயர்ச்சொல்லாக மாறிவிட்டது. நெருப்பைக் கொண்டே பேசும் நம் மொழியின் இயல்பு அதைத் தன்வயப்படுத்திக்கொண்டது என்று நான் கருதுகிறேன். வெங்காயத்தை ‘சிம்மில்’ வதக்கலாம், அப்பளத்துக்கு எண்ணெயைச் ‘சிம்மில்’ வைக்கலாம். இவற்றில் எதுவும் ஆங்கிலத்தில் ‘சிமர்’ ஆகாது, ஏனெனில் திரவத்துக்குள் வேகும் உணவு அங்கே இல்லை. பேச்சில் ‘சிம்’ என்று வழங்குவதை நான் குறை சொல்லவில்லை. விடுதிச் சமையலறையில் தலைமைச் சமையற்காரர் ‘சிமர்’ என்று கட்டளையிடும்போது மட்டும், திருகைப் பார்க்காமல் சட்டியைப் பாருங்கள். பெரிய பானை நிறையச் சாறு இருந்தால், மிகக் குறைந்த சுடர் அதை மென்கொதியில் நிறுத்தப் போதாது. சிறிய சட்டியில் கொஞ்சம் சோஸ் இருந்தால் அதே சுடரில் அது துள்ளிக் கொதிக்கும்.

விறகடுப்பிலும் மண்சட்டியிலும் ‘சிமர்’ செய்ய முடியுமா?

மிக நன்றாகச் செய்யலாம். கொதி வந்ததும் கொள்ளிகளை வெளியே இழுத்து, எஞ்சிய தணலைப் பரப்பிவிட்டால், ஒரே சீரான இளஞ்சூடு நெடுநேரம் கிடைக்கும். மண்சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால், இறக்கிய பின்னரும் சில நிமிடங்கள் உள்ளே குமிழி விட்டுக்கொண்டிருக்கும். எனவே குறிப்பில் உள்ள நேரம் முடிவதற்குச் சற்று முன்பே இறக்குவது நல்லது. மெல்லிய அலுமினியச் சட்டியில் இதற்கு நேர்மாறாக, நெருப்பு அசைந்தால் கொதியும் அசையும். மின்காந்த அடுப்புகள் சிலவற்றில் குறைந்த நிலையில் வைத்தால், சூடு விட்டுவிட்டு வரும். கொதித்து அடங்கி மீண்டும் கொதிப்பது அதனால்தான். அங்கே தடித்த அடியுள்ள பாத்திரம் உதவும்.

மூடி போட வேண்டுமா?

குறிப்பு என்ன வேண்டுகிறதோ அதைப் பொறுத்தது. குழம்பு தடிக்க வேண்டுமென்றால் திறந்து வையுங்கள், தண்ணீர் வற்றக் கூடாதென்றால் மூடுங்கள். மூடினால் வெப்பம் உள்ளே தங்கி, மென்கொதி தானாகவே முழுக்கொதியாகிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மூடியதும் நெருப்பை இன்னும் ஒரு படி குறைக்க வேண்டும், அல்லது மூடியைச் சற்றுச் சரித்து வைக்க வேண்டும்.

‘போச்’, ‘ஸ்டியூ’, ‘பிரேஸ்’, ‘ரிடியூஸ்’ ஆகியவற்றிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

‘போச்’ என்பது ‘சிமர்’ நிலைக்கும் கீழே, ஏறக்குறைய 70 முதல் 82 பாகையில், குமிழி மேலே வராமல் மீன், ஓடு நீக்கிய முட்டை போன்ற மென்மையானவற்றை வேகவிடுவது. ‘ஸ்டியூ’ என்பது சிறு துண்டுகளாக வெட்டியவற்றைத் திரவத்தில் மூழ்கவிட்டுச் சமைப்பது; ‘பிரேஸ்’ என்பது பெரிய துண்டை முதலில் எண்ணெயில் நிறம் மாறப் பிரட்டி, பிறகு பாதியளவு திரவத்தில் மூடிச் சமைப்பது. இந்த இரண்டும் சமையல் முறைகளின் பெயர்கள். அவற்றுக்குள் திரவம் இருக்க வேண்டிய நிலை ‘சிமர்’. ‘ரிடியூஸ்’ என்பது நம் ‘வற்றவை’ என்பதேதான், அதற்கு மென்கொதியும் உண்டு, கடுங்கொதியும் உண்டு.

எண்ணெய் ‘ஷிமர்’ ஆகும்வரை சூடாக்கு என்று ஒரு குறிப்பில் இருந்தது. அது அச்சுப்பிழையா?

பிழையல்ல. ‘ஷிமர்’ என்பது வேறு சொல். மினுங்குதல் என்று பொருள். எண்ணெய் பொரிப்பதற்கு ஏற்ற சூட்டை நெருங்கும்போது அதன் மேற்பரப்பு நெளிந்து மினுங்கும். புகை எழுவதற்கு முந்திய நிலை அது. தமிழ் எழுத்தில் ‘ச’ ஒலியும் ‘ஷ’ ஒலியும் தெளிவாகப் பிரிக்கப்படாமல் போவதால் நம்மவர்கள் இவ்விரண்டையும் கலந்துவிடுகிறார்கள். எண்ணெய் ‘ஷிமர்’ ஆகும், குழம்பு ‘சிமர்’ ஆகும். எண்ணெயில் குமிழி வரட்டும் என்று காத்திருந்தால் அது புகைந்து தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு என்பதால், இந்த வேறுபாட்டை வகுப்பின் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வாக்கியத்தில் இச்சொல் எவ்வாறு அமைகிறது?

இது தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். ‘தி சூப் இஸ் சிமரிங்’ என்றால் சூப் மென்கொதியில் இருக்கிறது. ‘சிமர் தி சூப்’ என்றால் சூப்பை மென்கொதியில் வை. நாம் கொதி, கொதிக்க வை என்று இரண்டு வடிவங்களாற் சொல்வதை ஆங்கிலம் ஒரே வடிவத்தாற் சொல்லிவிடுகிறது. பெயர்ச்சொல்லாகவும் அது வரும். ‘பிரிங் டு எ சிமர்’ என்றால் மென்கொதி நிலை வரும்வரை சூடாக்கு. ‘ரிடியூஸ் டு எ சிமர்’ என்றால் கொதித்துக்கொண்டிருப்பதை மென்கொதிக்கு இறக்கு. முன்னது கீழிருந்து மேலே ஏறுவது, பின்னது மேலிருந்து கீழே வருவது. தேர்வுத்தாளில் இந்த இடத்தில்தான் மதிப்பெண் போகிறது. நேரத்தைக் குறிப்பிட்டிருந்தால், மென்கொதி தொடங்கிய கணத்திலிருந்தே எண்ண வேண்டும்.

ஒலிப்பில் ‘ம’ இரட்டிக்காது. எழுத்தில் இரண்டு இருந்தாலும் ‘சிமர்’ என்றே சொல்ல வேண்டும், ‘சிம்மர்’ என்று அல்ல. பிரித்தானிய உச்சரிப்பில் இறுதி ‘ர்’ ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

15 ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் வழங்கிய ‘சிம்பர்’ என்ற வினை, 17 ஆம் நூற்றாண்டில் ‘சிமர்’ என்று திரிந்தது. மெல்லக் கொதிக்கும் நீரின் ஒலியைப் போலச் செய்து பிறந்த சொல்லாகவே அது கருதப்படுகிறது. நாம் ‘தளதள’ என்று கடுங்கொதியைக் காதால் பிடித்ததைப் போல, அவர்கள் மென்கொதியின் முணுமுணுப்பைக் காதால் பிடித்திருக்கிறார்கள்.

நுவரெலியாவுக்கு வேலைக்குப் போனால் இந்த அளவுகள் மாறுமா?

மாறும். மட்டக்களப்பு கடல் மட்டத்தோடு இருக்கிறது, நுவரெலியாவோ 1,800 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். நம் ஊரின் மென்கொதி வெப்பம் அங்கே முழுக்கொதி. பருப்பும் இறைச்சியும் வேகக் கூடுதல் நேரம் எடுக்கும்.

செய்திகளில் ‘சிமரிங் ஆங்கர்’ என்று வருகிறதே?

அடங்காமலும் வெடிக்காமலும் உள்ளுக்குள் இருக்கும் சினத்தைக் குறிக்கும் உருவகம் அது. தமிழில் இதற்கு மிகப் பொருத்தமான சொல் ‘புழுங்குதல்’. புழுங்கல் அரிசியும் மனப்புழுக்கமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இரண்டு மொழிகளும் அடுப்படியிலிருந்தே இந்த உணர்வுக்குச் சொல் எடுத்திருக்கின்றன. ‘சிமர் டவுன்’ என்று ஒருவர் சொன்னால், கோபம் ஆறட்டும், அமைதியாகு என்று பொருள். மேலதிகாரியிடம் அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு.

தமிழில் சமையற்குறிப்பு எழுதும்போது இதை எவ்வாறு எழுதுவது?

சொல்லை மட்டும் பெயர்க்காமல், கண்ணால் காணும் அடையாளத்தையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘நண்டைச் சேர்த்து 10 நிமிடம் சிம்மில் வைக்கவும்’ என்பதைவிட, இவ்வாறு எழுதலாம்: ‘இரண்டாம் பால் கொதி வந்ததும் நண்டைச் சேர்க்கவும். மீண்டும் கொதி வந்தவுடன் நெருப்பைக் குறைத்து, சட்டியின் ஓரத்தில் மட்டும் சிறு குமிழிகள் எழும் அளவில் 10 நிமிடம் விடவும். முதற்பாலை ஊற்றி, கலக்கிக்கொண்டே, மேற்பரப்பு நடுங்கத் தொடங்கியதும் இறக்கவும்.’